பெருக்கு வரும்போது ஓடிய படம்

அன்று அம்மாவுக்கு எப்போது தெரிந்தது? இடைவேளைக்கு முன்பா, பின்பா? அல்லது வீட்டிலிருந்து புறப்படும்போதே தெரிந்திருந்ததா? இருபது வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. கேட்டுவிடலாம். அம்மா இங்கேதான், லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறார். ஆனால் கேட்டால், ஒன்பது வயதில் எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளி வாசலில் என்னோடு குடை பிடித்து நிற்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன். நீங்களும் முப்பதைத் தாண்டியவர்கள். பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியை மூடிய பிறகு, கரண்டி வைத்தேனா என்று மறுபடி திறந்து பார்ப்பவர்கள். நான் இரண்டு தரம் திறப்பேன். அதனால் இது கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில் அப்பா ஒரு சிறிய பாய்ப்படகு வாங்கினார். அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்தான் நாங்கள் ஹொலண்டிலிருந்து லண்டனுக்கு வந்திருந்தோம். அங்கே அப்பா ஒரு படகுத் தொழிற்சாலையில் மின்வயர் பூட்டுகிற வேலை செய்தவர். பணக்காரர்களின் படகுகளுக்கு விளக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு, அவை போவதைக் கரையில் நின்று பார்ப்பாராம். இங்கே வந்து வீடுகளுக்கு வயரிங் செய்தபோதும் அந்த ஆசை போகவில்லை. லண்டனின் கிழக்கு ஓரத்தில், தேம்ஸ் ஆற்றில் வந்து விழும் ஒரு சேற்று ஓடையில், யாரோ கைவிட்ட பழைய படகு ஒன்று கிடந்தது. அதை வாங்கினார். அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா அவருடைய காற்சட்டையைத் துவைக்கப் போட்டபோதுதான் பிடிபட்டது.

“இந்தச் சேறு எந்த வீட்டு வயரிங்கிலை பட்டது?”

“அது வந்து… ஒரு படகு வயரிங்.”

“ஆரின்ரை படகு?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

“எங்கடதான்,” என்றார்.

மூன்று நாள் அம்மா பேசவில்லை. நான்காம் நாள் இடியப்பம் பிழிந்துகொண்டே சொன்னார்: “வைச்சிருங்கோ. பிள்ளையையும் கொண்டுபோங்கோ. என்னை மட்டும் கூப்பிடாதேங்கோ.”

அம்மா பதினேழு வயதில் மன்னாரிலிருந்து படகில் இந்தியாவுக்குப் போனவர். அந்தக் கதை எங்கள் வீட்டில் சொல்லப்படுவதில்லை. அம்மா கடற்கரைக்கு வந்தாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் இருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சவுத்எண்டு கடற்கரைக்குப் போன தேவாலயப் பங்குச் சுற்றுலாவில் எடுத்த எல்லாப் படங்களிலும் அம்மாவுக்குப் பின்னால்தான் கடல் இருக்கிறது.

அப்பாவுக்கோ அம்மா வராவிட்டால் படகு படகே இல்லை. “மூண்டு பேரும் சேர்ந்து போகத்தான் வாங்கினனான். இந்தக் கோடை முடியிறதுக்குள்ளை நீர் ஒருக்கா வராட்டி வித்துப்போடுவன்,” என்றார். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததை அப்பா நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார். இப்போது யோசித்தால், ஆண்கள் பலர் செய்யும் தவறு அது என்று தோன்றுகிறது.

அவர் போட்ட திட்டத்துக்கு மையம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. லொறிக்காரர்கள் தங்கள் வண்டியில் வைத்துப் பார்க்கும் வகை. வாகன பட்டரியில் ஓடும். திரை என் பள்ளிக் கொப்பியைவிடக் கொஞ்சம் பெரிது, வயிற்றில் வீடியோ கசெட் போட ஒரு வாய். படகின் கேபினில், சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில், அதை இரண்டு பட்டியால் இறுக்கிக் கட்டினார். பிறகு அம்மாவின் பழைய சேலை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து, ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் திரைச்சீலை போட்டார். மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை வைத்த சேலை. வெயில் அடித்தால் கேபின் முழுக்க மாம்பழ நிறமாகிவிடும். அந்தப் பெட்டியும் இப்போது இல்லை, அந்தச் சீலையும் இல்லை. ஆனால் அந்த நிறத்தில் எங்கேயாவது ஒரு துணியைக் கண்டால் எனக்கு டீசல் மணமும் சேற்று மணமும் வந்துவிடும்.

இனி அந்த ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலின் பெருக்கும் வற்றும் ஆற்று வழியாக அங்கேவரை வரும். கடல் வற்றும்போது அங்கே தண்ணீரே இருக்காது. படகுகள் எல்லாம் சேற்றில் குந்தி, ஒரு பக்கம் சரிந்து நிற்கும். சேற்றின் மேல் பலகைகள் பதித்த ஒரு பாதை இருந்தது. அதில் நடந்துபோய் ஏணியால் படகில் ஏறலாம். பெருக்கு வந்தால் பலகைகள் மூழ்கிவிடும். படகுகள் மெல்ல எழும்பி மிதக்கும். பிறகு மறுபடி வற்றும்வரை ஐந்து மணித்தியாலம். கரைக்கு வருவதென்றால் காற்றடித்த சின்ன ரப்பர் படகுதான்.

அப்பா நேரம் பார்க்கும் ஒரு சிறு புத்தகத்தை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்தார். எந்த நாள் எத்தனை மணிக்குப் பெருக்கு, எத்தனை மணிக்கு வற்று என்று அதில் இருக்கும். ஒரு சனிக்கிழமை அதைக் காட்டி என்னிடம் சொன்னார்:

“பிள்ளை, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வத்து. அம்மா சேத்தைப் பாப்பா, தண்ணி இல்லையெண்டு ஏறுவா. ஒரு மணிக்குப் படம் தொடங்கினால் மூண்டரைக்குப் படகு எழும்பும். படத்தின்ரை கடைசிக் கட்டம். அம்மா கவனிக்கவே மாட்டா. படம் முடிய, ‘இஞ்சேரும், இவ்வளவு நேரமும் தண்ணியிலைதான் இருந்தனீர்’ எண்டு சொல்லுவம். பயம் போயிடும்.”

“அம்மா கோவிச்சால்?”

“கோவிக்க மாட்டா. நீ சவுண்டைப் பாத்துக்கொள். படகு ஆடத் தொடங்கினால் கூட்டி வை. அம்மாட்டை மட்டும் சொல்லக்கூடாது.”

நான் தலையாட்டினேன். அப்பாவோடு சேர்ந்து ஒரு ரகசியம் வைத்திருப்பது எனக்குப் பெரிய மனுஷியாகிவிட்டதுபோல இருந்தது.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா அம்மாவிடம் கேட்டார். புதிய தமிழ்ப் படம் ஒன்றின் கசெட் கிடைத்திருக்கிறது, படகில் வைத்துப் பார்ப்போம், தண்ணீர் இல்லை, வெறும் சேறு, வந்து கண்ணால் பாரும் என்றார். அம்மா வெகுநேரம் என்னுடைய பூசைச் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “தண்ணி வராதோ?” என்று கேட்டார்.

“வராது,” என்றார் அப்பா.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “பிள்ளை, வராதோ?”

“வராது அம்மா,” என்றேன்.

இதைத்தான் எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

பலகைப் பாதையில் அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தார். முன்னால் அப்பா, பின்னால் தேநீர்ப் பிளாஸ்க்கோடு நான். பக்கத்துப் படகில் குடியிருந்த ஒரு வயதான ஆங்கிலேயர் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார். கேபினுக்குள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. தொலைக்காட்சியும் சரிவு. நாங்களும் தலையைச் சரித்து இருந்தோம். அம்மா ஜன்னல் சீலையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது என்ரை சேலையெல்லோ?”

“வெளிச்சம் திரையிலை விழும். அதுதான்,” என்றார் அப்பா.

“கேட்டிருந்தால் வேறை ஒண்டு தந்திருப்பன். இது என்ரை அக்கா வாங்கித் தந்தது.”

படம் தொடங்கியது. கதை எனக்கு நினைவில்லை. ஒரு பெரிய குடும்பம், பிரிகிறார்கள், அழுகிறார்கள். ஆனால் அந்தச் சின்னத் திரையில் மலையும் அருவியும் வந்தபோது, மாம்பழ நிற இருட்டுக்குள், நாங்கள் மூவரும் ஒரு பழத்துக்குள் இருந்து உலகத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. வீட்டில் பெரிய தொலைக்காட்சி இருந்தது. அதில் ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இடைவேளை எழுத்து வந்தது. அம்மா தேநீர் ஊற்றினார். மேசை சரிந்திருந்ததால் கோப்பையின் ஒரு பக்கம் தேநீர் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் ஒரு விரல் கீழே நின்றது. அப்போது வெளியே பக்கத்துப் படகுக்காரர் ஆங்கிலத்தில் சத்தமாகக் கூப்பிட்டார். தண்ணீர் வருகிறது, ஏணியை எடுங்கள் என்றார். அம்மாவுக்கு அந்த நாளில் ஆங்கிலத்தைவிட டச்சுதான் வரும். ஆனாலும் நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அப்பா தலையை வெளியே நீட்டி, “தாங்க்யூ, தாங்க்யூ,” என்றார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“மீன் இருக்காம். வேணுமோ எண்டு கேக்கிறார்.”

“ஞாயிற்றுக்கிழமையிலை மீன் பிடிக்கிறவையோ? இவைக்குக் கோயில் இல்லையோ?”

அப்பா ஏணியைச் சத்தமில்லாமல் மேலே இழுத்து வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். படம் மறுபடி ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. மேசையில் அம்மா தொடாமல் வைத்திருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, படகின் அடியில் யாரோ விரலால் தடவுவதுபோல ஒரு சத்தம். நான் சவுண்டைக் கூட்டினேன். கோப்பையில் தேநீரின் ஓரம் நகர்ந்தது. விளிம்பைவிட்டு மெல்லக் கீழே இறங்கியது, மறுபக்கம் மெல்ல மேலே ஏறியது. இவ்வளவு கனமான படகு, அதற்குள் நாங்கள் மூவர், தொலைக்காட்சி, பாத்திரங்கள், பட்டரி, எல்லாவற்றையும் சேர்த்து ஏதோ ஒன்று கீழேயிருந்து தூக்குகிறது. ஒரு குலுக்கல்கூட இல்லை. நித்திரையான குழந்தையைக் கட்டிலிலிருந்து எடுக்கும் கைபோல. திரை நேரானது. எங்கள் கழுத்துகள் நேராகின. கோப்பையில் தேநீர் வட்டமாக, சமமாக நின்றது.  அதற்குப் பிறகு தேவாலயத்தில் எத்தனையோ தரம் முழந்தாளிட்டிருக்கிறேன். அந்த நிமிடத்தில் இருந்ததுபோல ஒரு பயபக்தி எனக்கு வந்ததில்லை என்று சொன்னால் பாதர் மன்னிக்க வேண்டும்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செபமாலை மட்டும் ஒரு மணியில் நின்றிருந்தது.

படம் முடிந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. அம்மாவை ஏற்றுவதை அவர் யோசித்திருந்தார், மிதப்பதை யோசித்திருந்தார். இறக்குவதை யோசிக்கவே இல்லை. வெளியே இன்னும் ஐந்து மணித்தியாலத் தண்ணீர். இருப்பது கையளவு ரப்பர் படகு. அதில் அம்மாவை ஏற்றுவதென்றால், பதினேழு வயதில் ஏறியது எதுவோ அதில் மறுபடி ஏறு என்று சொல்வதுதான்.

அம்மா சீலையை விலக்கவில்லை. “வேறை படம் இருக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

இருந்தது ஒரே ஒரு கசெட். என் முதல் நன்மை வீடியோ, தேவாலயத்தில் நான் முதல் தரம் நற்கருணை வாங்கிய நாள். பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க அப்பா கொண்டுவந்து வைத்தது. அதைப் போட்டோம். நான் வெள்ளைச் சட்டையோடு பீடத்துக்கு நடந்தேன். பங்கு மண்டபத்தில் கேக் வெட்டினேன். பந்தியில் சாப்பிடுபவர்களை ஒவ்வொருவராக, வாய் திறந்தபடி, வீடியோக்காரர் எடுத்திருந்தார்.

“இதிலை நீங்கள் எங்கை?” என்றார் அம்மா.

“லைற்றுக்கு வயர் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்,” என்றார் அப்பா.

“எப்பவும் அப்பிடித்தான்.”

சோற்றுப் பந்தி முடிவதற்குள் பட்டரி இறங்கிவிட்டது. படம் நான்கு பக்கமும் சுருங்கி, சுருங்கி, என் வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாகிப் போனது. சத்தமும் போனது. அப்போதுதான் கேட்டது. தண்ணீர். கேபினைச் சுற்றிலும், எங்கள் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில், சளக், சளக் என்று.

 நான் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மா அழப்போகிறார், அல்லது கத்தப்போகிறார், இனி என்னை ஒருநாளும் நம்பமாட்டார் என்று நினைத்தேன். அம்மா செபமாலையின் சிலுவையைப் பிடித்து விசுவாச அறிக்கைச் செபத்தைத் தொடங்கினார். நாங்களும் சேர்ந்தோம். ஒரு செபமாலை முடிந்தது. அம்மா நிறுத்தாமல் அடுத்ததைத் தொடங்கினார். ஜன்னல் சீலை வழியாக வந்த வெயில் மாம்பழ நிறத்திலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. எத்தனை சொன்னோம் என்று தெரியாது. கடைசியில் படகின் அடி சேற்றில் மெத்தென்று அமர்ந்தது.

“இறங்கலாம்,” என்றார் அம்மா.

அவ்வளவுதான். ஈரப் பலகையில் நடந்துவந்து காரில் ஏறினோம். அப்பா இரண்டு தரம் “இஞ்சேரும்” என்று தொடங்கினார். அம்மா ஜன்னலால் வெளியே பார்த்தபடி வந்தார். அந்தக் கிழமை முழுவதும் நான் பள்ளியிலிருந்து வந்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. அடுத்த ஞாயிறு காலையில் அம்மா தானே பிளாஸ்க்கில் தேநீர் நிரப்பினார். அப்பா வாசலில் திகைத்து நின்றார்.

“ரெண்டு படம் எடுங்கோ,” என்றார் அம்மா. “பட்டரியும் ரெண்டு எடுங்கோ.”

அந்தக் கோடையில் எத்தனை படம் பார்த்தோம் என்று கணக்கில்லை. சீலையை அம்மா கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதனால் திரையில் யாரோ மழையில் பாடும்போது, அதற்குப் பின்னால் ஜன்னலில் நிஜக் கப்பல் ஒன்று, வீதி நீளத்துக்கு, சத்தமில்லாமல் ஆற்றில் போகும். எதைப் பார்ப்பதென்று தெரியாமல் இரண்டையும் பார்ப்பேன். பக்கத்துப் படகுக்காரரும் சில நாள் வந்து பார்த்தார். மொழி புரியாமலே, வில்லன் யார் என்று மீசையை வைத்துச் சரியாகச் சொன்னார்.

ஆவணிக் கடைசியில் முதல் தரம் ஓடையைவிட்டு வெளியே வந்து ஆற்றில் நங்கூரம் போட்டோம். அம்மாவுக்கு ஞாயிறு பின்னேரம் ஒரு ஆங்கில நிகழ்ச்சி பார்க்க வேண்டும். மக்கள் வீட்டிலிருக்கும் பழைய பொருட்களைக் கொண்டுவர, வல்லுநர்கள் விலை சொல்லும் நிகழ்ச்சி. “நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தம். இவை பழசைத் தூக்கிக்கொண்டு வரிசையிலை நிக்கினம்,” என்பார். ஆனால் ஒன்றையும் தவறவிடமாட்டார். அன்று ஒரு கிழவி கொண்டுவந்த மணிக்கூட்டுக்கு விலை சொல்லப்போகும் நேரம், படம் மணல் மணலாகிப் போனது. நீரோட்டம் மாறிவிட்டதால் படகு நங்கூரத்தைச் சுற்றித் திரும்பிவிட்டது. படகோடு, பாய்மரத்தடியில் அப்பா பூட்டியிருந்த அன்ரெனாவும் திரும்பிவிட்டது. அப்பா எங்கோ பின்பக்கம் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா எழுந்து வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். அம்மா ஒரு கையால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அன்ரெனாவைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆறு. காற்றில் சேலை படபடத்தது.

“பிள்ளை, தெரியுதோ?”

“இல்லை அம்மா!”

“இப்ப?”

நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அம்மாவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அன்று ஆற்றில் அவ்வளவு உயரமாக வேறு எதுவும் நிற்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இவ்வளவு வருடமும் இதை ஒரு நல்ல கதையாக எனக்குள் வைத்திருந்தேன். அப்பா ஒரு பொய் சொன்னார், அம்மாவின் பயம் போனது. பிறகு என் மகள் பிறந்தாள். பிரசவ அறையில் நேர்ஸ் என் தலையைத் தடவி, இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு மணித்தியாலம் அப்படிச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “மன்னாரிலை எங்களை ஏத்தின படகுக்காரனும் இப்பிடித்தான். இந்தா கரை தெரியுது, இந்தா கரை தெரியுது எண்டு. விடியும்வரை சொன்னவன். ஒரு தரமும் உண்மையில்லை.”

வலியில் நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது என்னை வந்து பிடித்தது. தண்ணி வராதோ என்று அம்மா என்னைக் கேட்டது. வராது என்று நான் சொன்னது.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. தண்ணீர் என்றால் அலறுகிறாள். பள்ளியில் நீச்சல் வகுப்பு தொடங்கிவிட்டது. அவள் உடை மாற்றும் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, டோன்ட் மேக் மீ,” என்று அழுதபோது, ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. போன கிழமை அப்பாவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். படகை இந்த வருடத்தோடு கொடுத்துவிடப் போகிறார். ஆனால் இதைக் கேட்டதும் கண் பளிச்சிட்டது.

“என்னட்டை விடு. ஐபாட்டிலை ரெண்டு கார்ட்டூன் படம் ஏத்திக்கொண்டு வா. ஞாயிறு வத்து நேரம் ஏத்துவம். அவளுக்குச் சொல்லாதை. எழும்பேக்கை கவனிக்கவே மாட்டாள்.”

குசினியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

“பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றார்.

அப்பா சிரித்தார். “சொன்னால் வருவாளே? நீர் வந்திருப்பீரோ?”

அம்மா வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.

ஞாயிறு வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது. தண்ணீர் வரும் என்று சொன்னால் என் மகள் வரமாட்டாள். அவள் அந்த எழும்புதலை ஒருநாளும் அறியாமல் போய்விடுவாள், அடுத்த கோடைக்குப் படகும் இருக்காது. சொல்லாமல் கூட்டிப்போனால், ஏணியடியில் நின்று அவள் என்னைக் கேட்பாள். நிச்சயமாகக் கேட்பாள், அவள் அப்படிப்பட்டவள். உங்களில் யாராவது பிள்ளையை ஏமாற்றி ஒரு பயத்தைத் தாண்ட வைத்திருக்கிறீர்களா? அது வளர்ந்த பிறகு உங்களிடம் என்ன சொன்னது? அல்லது உண்மையைச் சொல்லி, அதன்பிறகும் ஏணியில் ஏற வைத்த யாராவது இருக்கிறீர்களா? என்ன வார்த்தையில் சொன்னீர்கள்? அந்த வார்த்தைகளை எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.